ஓய்வுக்காலத்துக்கு எந்த நாடு? கொங்குப் பக்கத்திலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் நிறைய உண்டு. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து அவற்றில் குடியேறுகிறார்கள். அதே ஊர்க்காரர்கள், தறி ஓட்டியோ பனியன் கம்பெனி நடத்தியோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தோ அறுபதைத் தொட்டவர்கள், ‘கடைசிக் காலத்தை வெளிநாட்டில் கழித்தால் என்ன?’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். விளையாட்டாகக் கேட்பவர்களை விட்டுவிடலாம். நிஜமாகவே யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன் என்பதால் காசு விஷயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இந்தப் பேச்சை எடுத்ததும் நம்மூர் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, அங்கெல்லாம் ஒரு ஏக்கரா என்ன வெலைங்க?" என்பதுதான். காடு தோட்டம் என்றே வளர்ந்த புத்தி அப்படித்தான் கேட்கும். ஆனால் நிலம் வாங்கும் கண்ணோடு நாடு தேடினால் தப்பான நாடுதான் அமையும். வாடகைக்கு இருக்க விடுகிற, ஒத்துவராவிட்டால் பெரிய நஷ்டமில்லாமல் ஊருக்குத் திரும்ப விடுகிற நாடு எது என்று பாருங்கள். கீழே வரும் எல்லாவற்றையும் அந்த ஒரு கணக்கில்தான் எடை போட்டிருக்கிறேன்.

தொகைகளைச் சொல்லும்போது ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அன்றைய விலையில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பிள்ளைகளிடம் போகிறீர்களா, நீங்களாகப் போகிறீர்களா?

இரண்டும் வேறு வேறு வழி. விசா வேறு, செலவு வேறு, பகல் பொழுது கழியும் விதமும் வேறு.

நம் பிள்ளைகள் அதிகம் இருக்கும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் எதிலும் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென்று விசா கிடையாது. பிரிட்டனில் ஒன்று இருந்தது, 2008-இல் மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்ததை 2018-இல் நிறுத்தினார்கள். ஆகவே இந்த நாடுகளுக்கு மகன் அல்லது மகளின் பேரில்தான் போக முடியும்.

அமெரிக்காவில் பிள்ளை குடியுரிமை பெற்று 21 வயதும் ஆகியிருந்தால் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம். வெறும் கிரீன் கார்டோடு இருக்கும் பிள்ளை கேட்க முடியாது. கார்டு கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு அதன் சங்கடம் புரிகிறது. அது அங்கேயே வாழ்பவருக்கான கார்டு. பாதி வருஷம் பொள்ளாச்சித் தோப்பு, பாதி வருஷம் டெக்சாஸ் என்று இருக்க நினைத்தால், ஆறு மாதம் தாண்டித் திரும்பும்போது விமான நிலையத்தில் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டே போகலாம். 65 வயதானவர்களுக்கான மெடிகேர் காப்பீடும் உடனே கிடைத்துவிடாது. அங்கே வேலை செய்திராத பெற்றோர், ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்த பிறகு பிரீமியம் கட்டித்தான் அதில் சேர முடியும். இரண்டு பக்கமும் இருக்க ஆசைப்படுபவர்களுக்கு சாதாரண விசிட்டர் விசாவே மேல் என்பது என் எண்ணம். ஒரு தடவை போனால் வழக்கமாக ஆறு மாதம் வரை இருக்க விடுவார்கள்.

கனடாவின் ‘சூப்பர் விசா’ இதைவிட நமக்குத் தோதானது. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம், நடுவில் வந்து போகலாம். பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பெற்றோருக்கு நிரந்தர வசிப்புரிமை வாங்கும் வழி குலுக்கல் முறை. அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் பெற்றோர் விசாவுக்கு, உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேராவது, அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகம் பேர், அங்கே நிலையாகக் குடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் சிட்னியில் இருந்தால் அந்தக் கதவு அடைபட்டது. பெரிய தொகை கட்டாத வகையில் விண்ணப்பித்தால் காத்திருப்பு இருபது வருஷத்தைத் தாண்டும். அறுபது வயதுக்காரருக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார். மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கும் தற்காலிகப் பெற்றோர் விசா இருக்கிறது, அதற்குப் பாதிப் பேர் விதி இல்லை. கேட்பதானால் அதைக் கேளுங்கள். சிங்கப்பூரில் பிள்ளை எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருந்து மாதம் 12,000 சிங்கப்பூர் டாலராவது வாங்கினால்தான் பெற்றோருக்கு நீண்ட நாள் பாஸ் கேட்கலாம்.

விசா கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்களா என்று மகனிடமும் மருமகளிடமும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, பாட்டி தாத்தா செய்கிற வேலைதான். ஆனால் பேரனுக்குப் பத்து வயது ஆன பிறகு, கார் ஓட்டத் தெரியாத நீங்கள், பேருந்து வராத ஒரு தெருவில், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை என்ன செய்வீர்கள்? இதற்கு இரண்டு பக்கமும் பதில் இருந்தால் போங்கள்.

2. நீங்களாகப் போவதென்றால் எந்தெந்த நாடு

முதலில் ஒரு தாளில், வருஷத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். மாரியம்மன் நோம்பி, குலதெய்வம் கோயில் பொங்கல், பங்காளி வீட்டுக் கல்யாணம், மச்சான் பேரனுக்குக் காதுகுத்து. எழவுக்குத் தேதி கிடையாது, அதற்கும் ஒரு இடம் விடுங்கள். இந்த எண்ணிக்கை மூன்று நான்கைத் தாண்டினால் ஐரோப்பாவையும் அமெரிக்கக் கண்டத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மாதம் 1,000 டாலர் ஆயுள் ஓய்வூதியம் காட்டினால் பனாமாவில் வாழலாம் என்று வீடியோக்களில் சொல்வது உண்மைதான். பனாமாவிலிருந்து பெரியப்பா எழவுக்கு எப்படி வந்து சேர்வது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மலேசியா. மொழி, கோயில், சாப்பாடு என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் மதிப்பெண். ஈப்போ, பினாங்கு, கிள்ளான் பக்கம் தமிழிலேயே கடை கண்ணி முடித்துவிடலாம். ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பழனிக்கு நடந்து போன கால்களுக்கு பத்துமலைத் தைப்பூசமும் பினாங்குத் தண்ணீர்மலையும் அந்நியமாகத் தெரியாது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் கரூர், நாமக்கல்காரர்களுக்குப் போக்குவரத்தும் சுலபம்.

ஆனால் ‘மை செகண்ட் ஹோம்’ என்ற அவர்களது நீண்டகால விசாத் திட்டத்தை 2024-இல் மாற்றி அமைத்தார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலப் பிரிவை விட்டால் அடிமட்டமான சில்வர் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை, அதாவது 1 கோடியே 35 லட்சம் ரூபாய். அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கியாக வேண்டும், அது இன்னொரு 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் போகும். வாங்கிய வீட்டைப் பத்து வருஷத்துக்கு விற்க முடியாது. இத்தனைக்கும் கிடைப்பது ஐந்து வருஷ விசா, புதுப்பித்துக்கொள்ளலாம். வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கான குறைந்தபட்ச விலை மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், பினாங்கு போன்ற இடங்களில் 6 லட்சம் போதாமல் போகும். மனசுக்கு மிகவும் பிடித்த நாடு காலைக் கட்டிப் போடுகிறது. கையில் ஐந்து கோடிக்கு மேல் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. அந்த மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு மாதம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாமல் விடுகிறார்கள். சலுகை நடப்பில் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து. வாடகைக்காரருக்கு நல்ல நாடு. 50 வயது ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். எட்டு லட்சம் பாட் என்பது ஏறக்குறைய 22 லட்சம் ரூபாய். அந்தப் பணம் உங்கள் பேரிலேயே இருக்கும், திரும்பும்போது எடுத்துக்கொண்டு வரலாம். ஆகவே ஓய்வூதியம் குறைவாக வாங்கும் ஆசிரியர்கூட கிராஜுவிட்டிப் பணத்தில் இதைச் சமாளிக்கலாம். விசா வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. 90 நாளுக்கு ஒருமுறை ‘இந்த முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வேலையும் செய்யக் கூடாது. நிலம் வெளிநாட்டவர் பேரில் வராது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. குறை என்று பார்த்தால் மொழி. பாங்காக் சீலோமில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆனால் கோயில் வாசலைத் தாண்டினால் தாய் மொழிதான். சுத்த சைவக்காரர்கள் மீன் சாறு சேராத சாப்பாட்டைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே சமைத்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருஷ ஓய்வு விசா உண்டு. பத்து லட்சம் திர்ஹாம் சேமிப்பு, அதாவது கிட்டத்தட்ட 2 கோடியே 45 லட்சம், அல்லது அந்த மதிப்புக்குச் சொத்து, அல்லது நல்ல மாத வருமானம் காட்ட வேண்டும். தனிநபர் வருமான வரி கிடையாது. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேராகப் போகலாம். அங்கே பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு இது வீட்டுக்குத் திரும்புவது போல இருக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் ஊக்கம் கொடுப்பதில்லை, ஏனென்றால் வாடகையும் காப்பீடும் ஓய்வூதியத்தைத் தின்றுவிடும்.

மொரிசியஸ். 50 வயதிலிருந்து ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி தருகிறார்கள், மாதாமாதம் குறிப்பிட்ட டாலர் தொகையை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. இதைக் கேட்டு மயங்கிப் போகிறவர்கள் தெருவில் கிரியோல் மொழியைக் கேட்டதும் விழிக்கிறார்கள். அங்குள்ள தமிழ் வம்சாவளியினர் பலருக்குத் தமிழ் பேச வராது. அமைதி வேண்டும், கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும் என்றால் நல்ல ஊர்தான்.

இலங்கையும் 55 வயது தாண்டியவர்களுக்கென்று ஒரு விசாத் திட்டம் கொண்டுவந்தது. பக்கத்து நாடு, நம் சாப்பாடு. ஆனால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு அங்கே நிலத்தை விற்கக் கூடாது, அடுக்குமாடி வீடு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஏக்கரா விலை கேட்பவருக்கு இங்கேயும் பதில் கிடைக்காது.

ஐரோப்பாதான் வேண்டும் என்றால் போர்ச்சுகலும் ஸ்பெயினும். போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பள அளவுக்கு ஓய்வூதியமோ வாடகை வருமானமோ காட்ட வேண்டும், 2025-இல் அது மாதம் 870 யூரோ, மனைவிக்கு இன்னொரு பாதி. ஸ்பெயின் 2,400 யூரோ கேட்கிறது. இரண்டிலும் உலகத்தில் எங்கே வந்த வருமானத்துக்கும் அங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டும். நம் மஞ்சள், தேங்காய் வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்றால் அங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நேபாளத்தை யாரும் நினைப்பதே இல்லை. 1950 ஒப்பந்தத்தால் இந்தியருக்கு விசாவே வேண்டாம், பொக்காராவில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம். குளிர் தாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

3. மருத்துவம்: இங்கேதான் பல நாடுகள் கழன்று விழும்

நமக்கு ஒரு கெட்ட பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இருதயம், கண், எலும்பு எதுவானாலும் கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரத்தில் போய், அன்றைக்கே பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பி விடுவோம். உலகத்தில் பல பணக்கார நாடுகளில் இது நடக்காது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாடுகள் இருக்கின்றன. நாடு தேர்ந்தெடுக்கும்போது ‘அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா’ என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். ‘எனக்கு இருக்கிற வியாதிக்கு, என் வயதில், யார் காசு கொடுப்பார்கள்’ என்று கேளுங்கள்.

இங்கே எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். பாலிசியை எடுத்துப் படியுங்கள். அப்படியே இருந்தாலும் அதைக் கைவிடாதீர்கள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து எழுபது வயதில் புதுப் பாலிசி கேட்டால் பழைய வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அங்கே போய் எடுக்கும் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் வைத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பணம் கேட்கும் அன்றைக்குக் கையை விரித்துவிடுவார்கள். தாய்லாந்து ஓய்வு விசாக்களில் ஓ-ஏ என்ற வகைக்கு 30 லட்சம் பாட் காப்பீடு கட்டாயம். எழுபதைத் தாண்டினால் அந்தப் பிரீமியம் எங்கே போய் நிற்கும் என்று இப்போதே ஏஜென்ட்டிடம் வயதுவாரியாக எழுதி வாங்குங்கள். அறுபது வயதுப் பிரீமியத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் பிறகு முழிக்கிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை மலேசியாவும் தாய்லாந்தும் நல்ல இடங்கள். பினாங்கு, பாங்காக் தனியார் மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டிலிருந்தே வைத்தியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள்.

மாத்திரை எடுத்துப் போகும்போது எச்சரிக்கை. வலிக்கு நம் கடைகளில் கிடைக்கும் டிரமடால், இருமல் மருந்திலுள்ள கோடீன் போன்றவை அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. குருமாவுக்குப் போடும் கசகசாவும் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். மாமியார் கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

போய் இறங்கியதும் ஆம்புலன்ஸ் எண்ணை அலைபேசியில் பதியுங்கள். 108 அங்கே வேலை செய்யாது. மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669, அமீரகத்தில் 998, போர்ச்சுகல், ஸ்பெயினில் 112.

4. பணம் வெளியே போகும் வழி

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டத்தின்கீழ். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வரம்பு. ஆனால் வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டியதும், படிப்புக்கோ வைத்தியத்துக்கோ இல்லாத தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். மலேசிய வைப்புத்தொகையையே எடுத்துக்கொள்வோம். 1 கோடியே 35 லட்சத்தில் 10 லட்சம் போக மிச்சம் 1 கோடியே 25 லட்சம், அதற்கு 25 லட்சம் ரூபாய் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். இது புது வரி இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும். ஆனால் அதுவரை 25 லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச்சுக்கு முன் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டாகப் பிரித்து அனுப்பினால் அந்த 10 லட்சம் விலக்கு இரண்டு தடவை கிடைக்கும்.

குடியேறிய பிறகு நிலைமை மாறுகிறது. வெளிநாட்டில் வசிக்கப் போய்விட்டவர் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ என்ற வெளிநாடு வாழ்வோர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாமல் பழையபடியே ஓட்டுகிறவர்கள் ஏராளம், அது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல். என்.ஆர்.ஓ கணக்கிலிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்றோடு, வெளியே கொண்டுபோகலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகச் சேர முடியாது. வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் கொடுக்கும் படிவமும் செல்லாது. என்.ஆர்.ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்கிறோமே, அது இங்கே வசிப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. கழிவுகள் போக அதே 12 லட்சம் வரிக்குரிய வருமானம் உள்ள வெளிநாட்டுவாசி செஸ்ஸோடு சேர்த்து 62,400 ரூபாய் கட்ட வேண்டும். ஆகவே வருஷத்தில் 182 நாளுக்குக் குறையாமல் இங்கே இருந்து, மீதி நாளை வெளியே கழிப்பது பலருக்கு லாபம். வரியில் இந்தியவாசியாகவே இருப்பீர்கள், நோம்பியும் விட்டுப்போகாது.

அந்தப் பக்க வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் வருஷத்துக்கு 180 நாள் தாண்டி இருப்பவர் வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு 2024 முதல் வரி உண்டு. மலேசியா தனிநபர்களுக்கு இதில் 2036 வரை விலக்குக் கொடுத்திருக்கிறது.

5. இங்கே இருக்கும் காடும் வீடும்

விற்காதீர்கள். குறைந்தது மூன்று வருஷத்துக்காவது.

காரணம் இதுதான். வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதை வாங்கிக்கொள்ளலாம், இந்தியாவில் வசிக்கும் குடிமகனுக்கு விற்கலாம். வாங்குவது மட்டும் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை எடுத்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ அட்டையோடு வருபவர்களுக்கும் இதே விதிதான். காங்கேயம் காட்டை விற்றுவிட்டு மலேசியா போய், ஒத்துவராமல் திரும்ப வந்தால், விற்ற விலைக்கு வாங்க முடியாது என்பது ஒருபுறம். திரும்பி வந்து இங்கே வசிப்பவராகும் வரை வாங்கவே முடியாது.

நிலத்தை யாரிடம் விடுவது? பங்காளியிடம் வாய்ப்பேச்சில் விட்டுப் போவது நம் வழக்கம். வாய்ப்பேச்சு நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வரை செல்லும். குத்தகையாகக் கொடுத்தால், 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயிர் செய்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது. தென்னந்தோப்பு என்றால் காய் வெட்டும் உரிமையை மட்டும் வருஷக் கணக்கில் எழுதிக் கொடுப்பது நல்லது. அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், யார் பெயர் ஏறியிருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை விஏஓ அலுவலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நீங்களே வெளிநாட்டிலிருந்து இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பம்ப்செட் மின் இணைப்பு செத்துப்போன அப்பாரு பேரிலேயே இருந்தால், கிளம்பும் முன் பெயர் மாற்றிவிடுங்கள்.

வீட்டை மொத்தமாக வாடகைக்கு விடாமல் ஒரு அறையையாவது பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் வந்து இறங்கினால் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டாம்.

6. மோசமான மாதத்தில் போய் இருந்து பாருங்கள்

சுற்றுலாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது எந்தப் பயனும் இல்லாத வேலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்கள் நாம், தட்பவெப்பத்தில் கொஞ்சம் செல்லம் அதிகம். அதனால் அந்த நாட்டில் எந்த மாதம் மோசமோ அந்த மாதத்தில் போங்கள். அமீரகத்துக்கு ஜூலை, ஆகஸ்ட். வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய்க்கு மார்ச், காடும் வயலும் எரித்த புகை ஊரை மூடியிருக்கும். மலேசியாவுக்கு செப்டம்பர், சில வருஷங்களில் சுமத்ரா காட்டுத்தீயின் புகைமூட்டம் வரும். மொரிசியஸுக்கு ஜனவரி, பிப்ரவரி, புயல் காலம். போர்ச்சுகலுக்கு ஜனவரி. வெளியே குளிர் அவ்வளவு இல்லை, ஆனால் பல வீடுகளில் சூடேற்றும் வசதி இல்லாமல் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே போதும்.

ஓட்டலில் தங்காதீர்கள். அடுப்பு உள்ள வாடகை வீடு பிடித்து ஒரு மாதமாவது இருங்கள். அரிசிம்பருப்பு சாதம் வைக்கத் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பல் டாக்டரிடம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பேருந்தில் போய்த் திரும்புங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள் பாருங்கள், அந்த நேரத்தை இரண்டு பேரும் எப்படிக் கடக்கிறீர்கள் என்பதை வைத்து அந்த ஊர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம். கணவனுக்குப் பிடித்து மனைவிக்குப் பிடிக்காமல் போனால் அது வேண்டாம் என்றே அர்த்தம். பெரும்பாலும் பேச்சுத் துணை போவது அம்மாக்களுக்குத்தான். ஆண்கள் டீக்கடை ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஒரு கேள்வியைத் தம்பதியாக உட்கார்ந்து பேசுங்கள். இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் அங்கேயே இருப்பாரா? விசா ஒருவர் பேரிலும் மற்றவர் சார்ந்தவராகவும் இருந்தால், விசாவுக்குரியவர் போனபின் சார்ந்தவரின் விசா என்னவாகும் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

7. கிளம்பும் முன் முடிக்க வேண்டிய காகிதங்கள்

இங்குள்ள வேலைகளுக்கு நம்பகமான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் இங்கே இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். சொத்தை விற்கும் அதிகாரம் கொடுக்காமல், வரி கட்டவும் வாடகை வாங்கவும் மின்வாரியத்துக்குப் போகவும் மட்டும் கொடுங்கள்.

உயில் இரண்டாக எழுதுங்கள், இந்தியச் சொத்துக்கு ஒன்று, அந்த நாட்டில் இருக்கும் பணத்துக்கு ஒன்று. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாதபடி வாசகம் இருக்க வேண்டும். அங்கே இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். உடலை ஊருக்குக் கொண்டுவர இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகத் தடையின்மைக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும், நாளும் செலவும் ஆகும். அங்கேயே எரித்துச் சாம்பலை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றால் அதைப் பிள்ளைகளிடம் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பங்காளிகளும் மாமன் மச்சானும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கும் வழியைக் கருவூலத்திலோ வங்கியிலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள், தூதரகத்தில் வாங்கி அனுப்பலாம். வங்கி ஓடிபி வரும் இந்திய அலைபேசி எண்ணுக்கு ரோமிங் போட்டு, ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் செத்தால் கணக்கும் செத்த மாதிரிதான். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே புதுப்பித்துக்கொண்டு, அந்தப் புது எண்ணில் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.